கண் இமைக் கட்டி: ஒத்தடமா, ஊசியா, அறுவையா?

கண் இமையில் எந்தக் கட்டி வந்தாலும் அதைக் கண்கட்டி என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். மருத்துவத்தில் இவை ஒரே நோய் அல்ல. இமை முடியின் அடியில் திடீரெனச் சிவந்து, தொட்டால் வலித்து, இரண்டு மூன்று நாளில் சீழ் முனை கட்டுவது ஒரு வகை. அதை மருத்துவர்கள் ஸ்டை என்பார்கள். வலி ஏதும் இல்லாமல், இமைத் தோலுக்கு அடியில் பயறு அளவிலோ பட்டாணி அளவிலோ கெட்டியாக நின்று, வாரக் கணக்கில் போகாமல் இருப்பது இன்னொரு வகை. அதன் பெயர் கலேசியன். கிரேக்க மொழியில் ஆலங்கட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஸ்டைக்கு மருத்துவ நூல்களில் வழங்கும் ஹார்டியோலம் என்ற பெயர் வாற்கோதுமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆலங்கட்டி என்றும் தானியம் என்றும் பெயர் வைத்த பழைய மருத்துவர்கள் கட்டியை விரலால் உருட்டிப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஸ்டை பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே உடைந்து ஆறிவிடும். என்ன சிகிச்சை செய்வது என்ற குழப்பம் வருவது கலேசியனில்தான். ஒருவர் பொறுத்திருக்கச் சொல்வார். ஒருவர் சொட்டு மருந்து எழுதித் தருவார். ஊசி போடலாம் என்பார் ஒருவர், கீறி எடுத்துவிடலாம் என்பார் மற்றொருவர். நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கட்டி வந்து எத்தனை நாள் ஆகிறது, நோயாளியின் வயது என்ன, அதே இடத்தில் முன்பு வந்ததா என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் எது பொருந்தும் என்பதை முடிவு செய்கிறது. மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால் உயிருக்கே ஆபத்து வந்தவர்களும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இமைக்குள் நடப்பது என்ன

மேல் இமையை இரு விரல்களால் மெல்லப் பிடித்துப் பார்த்தால் உள்ளே அட்டை போன்ற ஒரு விறைப்பு தெரியும். டார்சஸ் எனப்படும் தட்டு அது. அதற்குள் சீப்பின் பற்களைப் போல எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. மேல் இமையில் 30 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666ஆம் ஆண்டில் இவற்றை விளக்கி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்று வழங்குகின்றன. நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் இவை துளி எண்ணெயைக் கண்ணீரின் மேல் பரப்புகின்றன. அந்தப் படலம் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, கண் உலர்ந்து உறுத்தும்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. மலையடிவாரமான கடையத்தில் இதைப் பார்க்காத வீடு இல்லை. பாட்டிலைக் கொஞ்சம் வெயிலில் வைத்தால் போதும், எண்ணெய் இளகி ஓடும். இமைச் சுரப்பியின் எண்ணெயும் ஏறக்குறைய இப்படித்தான். அது கெட்டிப்பட்டு வாய் அடைத்துக்கொண்டால், உள்ளே ஊறும் எண்ணெய் வெளியேற வழியில்லாமல் சுரப்பியை உடைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் கசிகிறது. உடம்பு அந்த எண்ணெயை அந்நியப் பொருளாக எண்ணிக்கொண்டு, அதைச் சுற்றித் தன் எதிர்ப்புச் செல்களைக் கொண்டுவந்து குவிக்கிறது. அந்தக் குவியல்தான் நாம் தொட்டு உணரும் உருண்டை.

ஆகவே கலேசியனை நீர்க்கட்டி என்று சொல்வது முழுச் சரியல்ல. உள்ளே நீரும் இல்லை, நீர்க்கட்டிக்கு உரிய உறையும் இல்லை. பெரும்பாலும் கிருமியும் இல்லை. சிகிச்சைகளை ஒப்பிடும்போது இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இமை ஓரத்தில் பொடுகு போலச் செதில் படிவது, தலையில் பொடுகு, முகத்தில் ரோசேசியா என்னும் தோல் சிவப்பு, இரவில் கழுவாமல் விட்ட கண் மை ஆகியவை சுரப்பியின் வாய் அடைபட இடம் கொடுப்பவை. கட்டி அடிக்கடி வருகிறவர்களுக்கு இரத்தச் சர்க்கரையையும் கண்ணாடி தேவையா என்பதையும் சோதித்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். பார்வை மங்கலாக இருப்பவர் அடிக்கடி கண்ணைக் கசக்குவார். நம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். புகையிலைத் தூள் படிந்த விரலால் கண்ணைக் கசக்கும் பழக்கத்தை அவர்கள் விட்டால், கட்டி வராவிட்டாலும் கண் எரிச்சலாவது குறையும்.

சூட்டால் வந்ததற்குச் சூடு வைக்கலாமா

உடம்புச் சூட்டால் கண்கட்டி வருகிறது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியது. அதனால்தான் நாமக்கட்டியையும் சந்தனத்தையும் இழைத்துக் குளிர்ச்சியாகப் பற்றுப் போடுகிறார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னால், சூட்டுக் கட்டியின் மேல் மேலும் சூடா என்று பாட்டிமார் கேட்பது அந்த நம்பிக்கைக்குப் பொருத்தமான கேள்விதான். ஆனால் மேலே கண்டபடி, உள்ளே உறைந்திருப்பது எண்ணெய். அதை இளக்க வெதுவெதுப்பு வேண்டும், குளிர்ச்சி உதவாது. சிறு வயதில் எங்களுக்கு உள்ளங்கையில் விரலைப் பரபரவென்று தேய்த்துக் கட்டியின் மேல் ஒற்றச் சொல்லுவார்கள். அந்தப் பழக்கத்தில் உண்மையின் ஒரு கீற்று இருக்கிறது. போதிய சூடுதான் இல்லை.

ஒத்தடம் எளிய சிகிச்சை, செலவில்லாத சிகிச்சை. பலர் பயனில்லை என்று கைவிடுவதும் இதைத்தான். காரணம், செய்யும் முறை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியைப் பத்து நிமிடம் வைத்திருப்பது ஒத்தடம் ஆகாது. பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, துணியை மறுபடி மறுபடி நனைத்து, மொத்தம் பத்து நிமிடம் சூட்டை நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, குறைந்தது மூன்று நான்கு வாரம் செய்ய வேண்டும். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது என்பதால் சூட்டை முதலில் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கையில் பொறுக்க முடியாதது இமைக்கும் ஆகாது. குழந்தைக்குக் கொடுப்பதானால் இன்னும் கவனம் தேவை.

ஒத்தடம் முடிந்த கையோடு, எண்ணெய் இளகியிருக்கும்போதே, சுத்தமான விரல் நுனியால் இமையை மெல்ல நீவிவிட வேண்டும். மேல் இமையானால் மேலிருந்து கீழாக, கீழ் இமையானால் கீழிருந்து மேலாக, அதாவது இரண்டிலும் முடி வரிசையை நோக்கி. சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. நீவுவது வேறு, பிதுக்குவது வேறு. பிதுக்கினால் எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் திசுவுக்குள் மேலும் பரவும். சீழ் உள்ள கட்டியாக இருந்தால் தொற்று பரவும்.

இப்படி ஒழுங்காகச் செய்தால் எத்தனை பேருக்குக் கரையும்? இங்கிலாந்தில் 136 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒத்தடமும் நீவலும் மேற்கொண்ட பிரிவில் மூன்று வாரத்தில் 46 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வில் ஒத்தடம் மட்டும் செய்தவர்களில் 21 சதவீதம் பேருக்கே முழுதாகக் கரைந்தது. இரண்டு எண்களுக்கும் இடைவெளி பெரிதுதான். ஆனால் இரண்டாவது ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது: தோன்றிக் குறைந்த காலமே ஆன கட்டிகள் அதிகம் கரைந்தன, நாள்பட்டவை கரையவில்லை. எண்ணெய் இளகும் நிலையில் இருக்கும்போது சூடு வேலை செய்கிறது. சுற்றிலும் நார்த் திசு வளர்ந்து இறுகிய பிறகு செய்வதில்லை. எனவே ஒத்தடத்தைக் கட்டி கண்ட முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு நான்காவது மாதம் தொடங்கினால் பலனை எதிர்பார்க்க முடியாது.

சொட்டு மருந்து, களிம்பு, மாத்திரை

மருந்துக் கடையில் கண்ணைக் காட்டி ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொள்வது நம் ஊர்களில் சாதாரணம். கலேசியனுக்கு இதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. மேற்சொன்ன 2018 ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஒத்தடத்தோடு டோப்ரமைசின் என்னும் கிருமிக்கொல்லியும், மற்றொரு பிரிவினருக்கு டோப்ரமைசினும் ஸ்டீராய்டும் கலந்த மருந்தும் கொடுத்தார்கள். முழுதாகக் கரைந்தவர்கள் முறையே 16 சதவீதம், 18 சதவீதம். ஒத்தடம் மட்டும் செய்த பிரிவைவிட ஒரு படியும் மேலில்லை. கட்டிக்குள் கிருமி இல்லாதபோது கிருமிக்கொல்லிக்கு அங்கே என்ன வேலை?

இமை ஓரம் முழுவதும் அழற்சி இருந்தாலோ, சீழ் வடிந்தாலோ களிம்பு தேவைப்படும். வீக்கம் இமை முழுதும் பரவினால் மாத்திரையும் தேவைப்படலாம். ரோசேசியா உள்ளவர்களுக்கும் திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர்களுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் கொடுப்பதுண்டு. அது சுரப்பியின் எண்ணெய்த் தன்மையைச் சீராக்கப் பயன்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அந்த மருந்தைத் தவிர்ப்பார்கள்.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி மாதக் கணக்கில் விடுவது நிச்சயமாகக் கெடுதல். சிவப்பும் அரிப்பும் உடனே குறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். உள்ளே கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். அழுத்தம் நரம்பைத் தின்ற பிறகு போன பார்வை திரும்பாது. கண்புரையும் முந்தி வரும். தானே போய்விடக்கூடிய ஒரு கட்டிக்காக இந்த ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஊசியும் அறுவையும்

ஒன்றிரண்டு மாதம் முறையாக ஒத்தடம் கொடுத்தும் கட்டி அப்படியே நிற்கிறது, அல்லது பெரிதாகிப் பார்வையை மறைக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இங்கே இரண்டு வழிகள் உண்டு.

ஊசி என்பது டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டைக் கட்டிக்குள் நேராகச் செலுத்துவது. அளவு 0.1 அல்லது 0.2 மில்லிதான். ஓரிரு வாரத்தில் கட்டி சுருங்கத் தொடங்கும். சிலருக்கு இரண்டாம் முறையும் போட வேண்டிவரும். மேற்சொன்ன 2007 ஆய்வில் ஊசி போட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கும், அறுவை செய்தவர்களில் 87 சதவீதம் பேருக்கும் கட்டி மறைந்தது. வித்தியாசம் சிறிது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2016ஆம் ஆண்டுத் தொகுப்பு அறுவைக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது: ஒரே முறை செய்ததில் அறுவையால் குணமானவர்கள் ஏறக்குறைய 78 சதவீதம், ஊசியால் 60 சதவீதம்.

எண்களை மட்டும் பார்த்தால் அறுவையே மேல் என்று முடிவாகிவிடும். ஆனால் கட்டி இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மூக்கை ஒட்டிய இமை மூலையில் கண்ணீர் வடியும் நுண்துளை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கட்டி வந்தால் கத்தி பட்டுத் துளை சேதமானால் காலமெல்லாம் கண்ணீர் வழியும். அங்கே ஊசி நல்லது. மயக்க ஊசி ஒவ்வாதவர்களுக்கும், அறுவை என்றாலே நடுங்குபவர்களுக்கும் ஊசி உதவும். மறுபக்கம், நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலுக்கு ஊசியால் ஒரு குறை உண்டு. மருந்து தோல் பக்கமாகக் கசிந்தால் அந்த இடம் வெளுத்துப் போகலாம். நாளடைவில் நிறம் திரும்பினாலும் சில மாதம் முகத்தில் தெரியும். திருமணத்துக்கு நாள் குறித்த வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தோலுக்கடியில் கொழுப்புக் கரைந்து சிறு பள்ளம் விழுவதும் உண்டு. மருந்துத் துகள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து பார்வை பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவை மிக மிக அரிது. ஆனாலும் இந்த ஊசியைக் கண் மருத்துவர் மட்டுமே போட வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

அறுவை என்ற சொல்தான் பெரிது, வேலை சிறிது. முதலில் கண்ணில் மரக்கவைக்கும் சொட்டு விடுவார்கள். பிறகு இமையில் லிக்னோகெயின் ஊசி. முழுச் சிகிச்சையிலும் வலிப்பது இந்த ஊசி ஒன்றுதான், அதுவும் சில விநாடி. வளையமும் தட்டும் உள்ள ஒரு சிறு கவ்வியால் கட்டியைப் பிடித்து இமையை வெளிப்பக்கமாகத் திருப்புவார்கள். உட்பக்கத்தில் கீறல் போடுவதால் வெளியே தழும்பு தெரிவதில்லை, தையலும் இல்லை. கீறல் செங்குத்தாக இருக்கும். சுரப்பிகள் செங்குத்தாக நிற்பதால் குறுக்கே வெட்டினால் நாலைந்து சுரப்பிகள் சேர்ந்து அறுபடும். நெடுக்காக வெட்டினால் பழுதான சுரப்பியோடு போகும். பிறகு சிறு கரண்டி போன்ற கருவியால் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, களிம்பு வைத்து, சில மணி நேரத்துக்குக் கண்ணைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம். படுக்கையில் தங்க வேண்டியதில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்துவதும் கூடாது. மறுநாள் இமை கன்றி வீங்கியிருப்பதைக் கண்டு கட்டி போகவில்லை என்று பயப்படுகிறார்கள். அந்த வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கண்ணில் தண்ணீர் அடிக்காமல் ஒரு வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய மாதத்தில் அறுவை செய்துகொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்தருவியில் தலையைக் கொடுக்க நினைப்பவர்கள் அறுவைக்கு வேறு தேதி பார்ப்பது நல்லது. அருவித் தண்ணீர் விழும் வேகமும் அதில் வரும் மண்ணும் ஆறாத இமைக்கு ஆகாது.

அறுவையால் போன கட்டி வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த ஒரு சுரப்பியின் கட்டி போகும். பக்கத்தில் இன்னும் முப்பது சுரப்பிகள் இருக்கின்றனவே! இமை ஓரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அறுவைக்குப் பிறகும் தேவைப்படுவது இதனால்தான். ஒளிக்கதிர் பாய்ச்சிச் சுரப்பிகளைச் சீராக்கும் சிகிச்சை பெருநகரங்களில் வந்திருக்கிறது. செலவு அதிகம்; திரும்பத் திரும்ப வருகிற சிலருக்கே அதை யோசிக்கலாம்.

குழந்தைகளுக்கு

பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்த அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். கண்கட்டி வந்த பிள்ளை வலியைவிடக் கேலிக்குத்தான் அதிகம் பயப்படும். எதையோ பார்க்கக் கூடாததைப் பார்த்ததால் கட்டி வந்தது என்று மற்றப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிடும். ஆசிரியர் வகுப்பில் இரண்டு நிமிடம் சுரப்பிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் அந்தக் கேலி நின்றுவிடும். கலேசியன் ஒட்டுவதில்லை, ஆகவே பள்ளிக்கு வரத் தடையும் இல்லை.

குழந்தைகளின் கட்டிக்குச் சிகிச்சை தேர்வு செய்வதில் கணக்கு மாறுகிறது. பெரியவருக்கு உள்ளூர் மயக்க ஊசி போதும். ஐந்து வயதுப் பிள்ளை கத்திக்கு முன்னால் அசையாமல் படுக்காது. முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். பத்து நிமிட வேலைக்கு முழு மயக்கமா என்று மருத்துவர்களே தயங்குவார்கள். அதனால் குழந்தைகளுக்குக் காத்திருப்பும் ஒத்தடமும் நீண்ட நாள் நீடிப்பது இயல்பு.

ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. மேல் இமையில் பெரிய கட்டி இருந்தால் அது கருவிழியை அழுத்தி, அதன் வளைவை மாற்றிப் பார்வையை மங்கலாக்கும். வளரும் வயதில் ஒரு கண் மாதக் கணக்கில் மங்கலாகவோ மூடியோ இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். சோம்பல் கண் என்று இதைச் சொல்வார்கள். ஏழெட்டு வயதுக்குள் கவனிக்காவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம். கட்டி கண்மணியை மறைக்கிறதா, பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கவனிக்கத் தெரியாவிட்டால் ஒரு கண்ணைக் கையால் மூடி நாட்காட்டியைப் படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

காய்ச்சலோடு இமை முழுதும் வீங்கி மூடிக்கொண்டால், கண்ணை அசைக்கும்போது வலித்தால், விழி முன்னே தள்ளிக்கொண்டு வந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அது வெறும் கட்டி இல்லை. தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நள்ளிரவானாலும்.

வீட்டு வைத்தியம்: எது பாதகமில்லை, எது பாதகம்

நாமக்கட்டியோ சந்தனமோ இமையின் வெளிப்புறத்தில் பூசினால் பெரிய தீங்கில்லை. காய்ந்த தூள் கண்ணுக்குள் உதிராமல் இருந்தால் சரி. பலனும் பெரிதில்லை, கட்டி தானே போகும் நாளில் பற்றுக்குப் பெயர் கிடைக்கிறது. இலவங்கத்தை உரசிப் போடுவது எரிச்சல் உண்டாக்கும். சுண்ணாம்பு வைப்பதை எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது. சுண்ணாம்பு காரப் பொருள். கண்ணுக்குள் பட்டால் கருவிழியை வெந்து போகச் செய்யும். தவறிப் பட்டுவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே சுத்தமான தண்ணீரால் இருபது, முப்பது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

கண்ணுக்குள் எதையும் பிழியக் கூடாது என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. நந்தியாவட்டைப் பூச்சாறு, இலைச்சாறு, தாய்ப்பால் எல்லாம் இதில் அடங்கும். பழைய மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தென்தமிழ்நாட்டின் வெயிலிலும் வயல்புழுதியிலும் காளான் கிருமியால் வரும் கருவிழிப் புண் மிக அதிகம் என்பது மதுரை, திருநெல்வேலிக் கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவரும் உண்மை. தோட்டத்தில் பறித்த இலையின் சாறு கிருமி நீக்கப்பட்டது அல்ல. இமைக்கட்டியால் பார்வை போவதில்லை. கருவிழிப் புண்ணால் போகும்.

வயதானவருக்கு அதே இடத்தில் மறுபடி வந்தால்

முதலில் சொன்ன மூன்றாவது கேள்வி இது. அறுபது வயதுப் பெண் ஒருவருக்கு மேல் இமையில் வலியில்லாத கட்டி. கீறி எடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வருகிறது. மறுபடி கீறல். இந்த வரிசையில் மூன்றாவது முறையும் கலேசியன் என்றே எழுதிவிடக் கூடாது. அதே மைபோமியன் சுரப்பியிலிருந்து செபேசியஸ் கார்சினோமா என்னும் புற்றுநோய் வரும். அது கலேசியன் போலவே வேடமிட்டு வரும். வலி இராது. மெதுவாக வளரும்.

மேலை நாட்டுப் பாடநூல்களில் இது அரிய நோய். அங்கே இமைப் புற்றுநோயில் மிகப் பெரும்பான்மை வேறொரு வகை, பரவும் தன்மை குறைந்தது. இந்தியாவில் நிலைமை அப்படி இல்லை. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் இமைப் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது இந்த எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய்தான். இமைக்கட்டி வந்த ஆயிரக் கணக்கானோரில் மிகச் சிலருக்கே இது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இருபது வயதில் கட்டி வந்தவர் இதைப் படித்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். கட்டி உள்ள இடத்தில் இமை முடி உதிர்ந்திருப்பது ஒன்று. கலேசியன் முடியைத் தொடுவதில்லை, புற்று முடியின் வேரை அழிக்கும். இமை ஓரம் தடித்து மஞ்சளாக மாறுவது, புண்ணாகி இரத்தம் கசிவது, ஒரே ஒரு கண் மட்டும் மாதக் கணக்கில் சிவந்தே இருந்து எந்தச் சொட்டு மருந்துக்கும் அடங்காமல் இருப்பது ஆகியவை மற்றவை. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டியிருந்தால் நோய் இமையை விட்டு நகர்ந்துவிட்டது என்று ஐயப்பட வேண்டும்.

இத்தகைய கட்டிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது சரியான வழியல்ல. ஊசி போட்டால் சோதிக்கத் திசு கிடைக்காது. வீக்கம் கொஞ்சம் குறைந்து, நோயைக் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். அறுவை செய்து, எடுத்த துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஊசியா அறுவையா என்ற ஒப்பீட்டில், வயதானவர்களைப் பொறுத்தவரை அறுவையின் பக்கம் தராசு சாய்வதற்கு இது பெரிய காரணம். சீக்கிரம் கண்டுபிடித்து, சுற்றிலும் நல்ல திசு தெரியும் வரை அகற்றி, இமையை மறுபடி அமைத்துக் கொடுக்கும் அறுவையைப் பெரிய கண் மருத்துவமனைகளில் செய்கிறார்கள். காலம் தாழ்ந்தால் கண்ணையே எடுக்க நேரும்.

கடையத்திலிருந்து எங்கே போகலாம்

சாதாரணக் கட்டிக்கு முதல் வாரத்தில் எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு மாதம் ஒத்தடம் கொடுத்தும் குறையவில்லை என்றால் தென்காசி அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கட்டணம் இல்லாமல் அறுவை செய்துகொள்ளலாம். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் திருநெல்வேலிக் கிளை 1988 முதல் இயங்குகிறது. பணம் கட்ட முடியாதவர்களுக்கு அங்கே இலவசப் பிரிவு உண்டு. கீழக்கடையம் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் தென்காசி, மறுபக்கம் அம்பாசமுத்திரம் வழியாகத் திருநெல்வேலி.

போகும்போது இதுவரை விட்ட சொட்டு மருந்துப் பாட்டில்களையும், முன்பு அறுவை செய்திருந்தால் அந்தச் சீட்டையும், சர்க்கரை நோயாளியானால் கடைசியாக எடுத்த பரிசோதனை முடிவையும் கையில் கொண்டுபோக வேண்டும். கட்டி எந்த மாதம் தொடங்கியது, எந்த இமை, எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு வேலை எளிது. ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால், அல்லது கட்டி அதே இடத்தில் இரண்டாம் முறை வந்ததாக இருந்தால், அறுவைக்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: "எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா, டாக்டர்?" முடிவு வரச் சில நாள் ஆகும். காயம் ஆறிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாமல், சொன்ன தேதியில் போய் அந்தத் தாளை வாங்கி, அதில் எழுதியிருப்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.